கேள்வி கேட்டது டாக்டர் அல்ல

சென்ற வாரம் ஆபீஸில் சக குமாஸ்தா ஒருவர் என்னைத் தனியே அழைத்து, மகளின் மூக்கைச் சரி செய்ய பி.எப். அட்வான்ஸ் போடலாமா என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அமெரிக்கக் கேபிள் டெலிவிஷனில் 2003 முதல் 2010 வரை ஓடிய ‘நிப்/டக்’ தொடர் நினைவுக்கு வந்தது. மயாமி நகரில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் இரு டாக்டர்களின் கதை. ரத்தமும் படுக்கையறைக் காட்சிகளும் தாராளம். விளம்பரதாரர்கள் விலக வேண்டும் என்று பெற்றோர் டெலிவிஷன் கவுன்சில் கிளர்ச்சி செய்தது. 2005-ல் அதே தொடர் கோல்டன் குளோப் பரிசும் பெற்றது.

அது குழந்தைகளுக்கு ஆகாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உறைக்க வேண்டியது வேறு. அந்த டாக்டர்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை. உன்னிடம் உனக்கே பிடிக்காதது எது என்றுதான் கேட்கிறார்கள். நல்ல உடம்புக்காரரையும் நோயாளியாக்கும் கேள்வி!

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக ஹரால்டு கில்லீஸ் போன்ற டாக்டர்கள் வளர்த்த வைத்தியம் இது. ஸ்டவ் வெடித்து வெந்தவருக்கும், உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கும் இன்றும் அது வரப்பிரசாதம். அதற்குக் கடன் வாங்கினாலும் தகும்.

நண்பரின் மகளிடம் அந்தக் கேள்வியைப் போட்டது மயாமி டாக்டர் அல்ல. நம் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுப் போனவர்கள். தொடரைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு வாசலைக் காட்டும் தைரியம் நம்மில் எத்தனை தகப்பன்மாருக்கு உண்டு?

“பி.எப். பணம் பெண்ணின் படிப்புக்கு இருக்கட்டும் சார்” என்றேன். அவர் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை.