கோபுரத்துக்கு முன் பட்டா

ஆலயத் திருப்பணி என்றவுடன் பக்தப் பெருமக்களின் கண்முன் நிற்பவை கோபுரமும் விமானமும் கலசமுமே. யாகசாலை எழுப்பி, வேத மந்திரங்களும் திருமுறைகளும் முழங்க, கலசத்தின்மேல் புனித நீர் வார்க்கப்பட்டுவிட்டால் பணி நிறைவெய்தியதாக எண்ணி அனைவரும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். ஆயினும் அந்த ஆலயம் அரசாங்க ஏடுகளில் இருக்கிறதா என்னும் கேள்வி எழும்போது பல நிர்வாகங்களிடம் விடை இருப்பதில்லை. நிலத்துக்குப் பட்டா இல்லை; கட்டடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லை; மக்கள் கூடுவதற்குத் தகுதியானது என்னும் சான்றிதழும் இல்லை. இறைவன் எழுந்தருளியிருக்கும் இடம் சட்டத்தின் பார்வையில் வெற்று மனையாகவே கிடக்கிறது.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பது யாவரும் அறிந்ததே. பால்மரத் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் கல் குவாரிகளிலும் உழைத்த முன்னோர், துரையின் வாய்மொழி அனுமதி ஒன்றையே நம்பி மரத்தடியில் சூலத்தை நட்டனர். தகரக் கொட்டகை எழுந்தது. பின்னர் கல் சுவர் எழுந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமானபோது, துரையும் இல்லை, அவர் சொன்ன சொல்லுக்குச் சாட்சியும் இல்லை.

“ஆலயம் முந்தியதா, சட்டம் முந்தியதா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான ஆதங்கம்தான். தேசிய நிலச் சட்டம் 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே பூசை கண்ட ஆலயங்கள் ஏராளம். ஆனால் அச்சட்டத்தின் 48ஆவது பிரிவு சொல்வது தெளிவானது. அரசாங்க நிலத்தில் ஒருவர் எத்தனை காலம் இருந்தாலும், அனுமதியின்றி இருந்தாலும் உரிமம் பெற்று இருந்தாலும், இருந்த காரணத்தால் மட்டும் அந்நிலம் அவருக்கு உரிமையாகாது. நூறாண்டுப் பழமை ஆலயத்துக்குப் பெருமை சேர்க்கும், பட்டா சேர்க்காது.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலுள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் வரலாற்றை மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 130 ஆண்டுப் பழமையுடையது என்று கூறப்படும் ஆலயம் அது. அது நின்ற நிலம் 2014ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தால் ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில், அங்கே பள்ளிவாசல் எழுப்புவதற்கான அடிக்கல் நாட்டு விழா நெருங்கியபோதுதான் நாடே இச்செய்தியை அறிந்தது. பேச்சுவார்த்தை நடந்து, சுமார் 50 மீட்டர் தள்ளி வேறிடத்துக்கு ஆலயம் பெயர்வதென முடிவாயிற்று. நிலம் விலைபோன காலத்துக்கும் பக்தர்கள் பதறிய காலத்துக்கும் இடையே பதினோராண்டுகள். அந்நிலம் ஆலயத்துக்கென அரசிதழில் ஒதுக்கப்பட்டிருக்குமானால் விற்பனைப் பேச்சே எழுந்திராது.

அரசிதழ் ஒதுக்கீடு என்பது நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்கீழ் மாநில அரசு செய்வது. ஆலயங்கள் நாட வேண்டிய வழிகளில் அது ஒன்று. நிர்வாகத்தின் பெயரிலேயே பட்டா பெறுவது மற்றொன்று. இவ்விரண்டுமின்றி, டி.ஓ.எல். என்று வழங்கப்படும் தற்காலிக உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கும் நிர்வாகங்கள் சில உள. அவ்வுரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாகிவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல இலட்சம் வெள்ளிச் செலவில் இராஜகோபுரம் எழுப்புவதற்கு அது அடித்தளமாகாது.

செலாயாங் வட்டாரத்தில் வேறொரு குழப்பமும் உண்டு. 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அந்த எல்லைக்கோடு இவ்வட்டாரத்தை ஒட்டியே செல்கிறது. செலாயாங் மொத்த வியாபாரச் சந்தை பெயரளவில் செலாயாங். நிர்வாகத்தில் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு உட்பட்டது. செலாயாங் பாரு, பத்துமலை, ரவாங் ஆகியவையோ 1997இல் அமைந்த செலாயாங் நகராண்மைக் கழகத்துக்கு உட்பட்டவை. அவற்றின் நிலக் காரியங்கள் கோம்பாக் மாவட்ட நில அலுவலகத்தைச் சாரும். எந்த ஆலயம் எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளாது எழுதப்படும் மனு, மேசைக்கு மேசை அலைந்து அங்கேயே மடிந்துபோகும்.

நிலம் தீர்ந்தபின் கட்டடம். முன்னாளில் கட்டடம் முடிந்ததும் நகராண்மைக் கழகமே சி.எஃப். சான்றிதழை வழங்கி வந்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அம்முறை மாறி, சி.சி.சி. என்னும் நிறைவுச் சான்றிதழ் வந்தது. இதனை வழங்குபவர், வரைபடத்தைச் சமர்ப்பித்துப் பணியை மேற்பார்வையிட்ட கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ ஆவார். சிறு கட்டடமாயின் பதிவு பெற்ற வரைஞர். அடித்தளம், தூண், கூரை, மின்சாரம், குழாய், தீத்தடுப்பு என 21 படிவங்களில், அந்தந்தப் பணியைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் ஒப்பமிட வேண்டும். சான்றிதழின்றிக் கட்டடத்தைப் பயன்படுத்தினால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் 250,000 வெள்ளி வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு.

ஆலயங்கள் இடறி விழுவது இவ்விடத்தில்தான். தமிழகத்திலிருந்து ஸ்தபதியை வரவழைத்து, அவர் கைவண்ணத்தில் கோபுரத்தை எழுப்பி முடித்து, வண்ணமும் தீட்டியபின் பொறியியலாளரைத் தேடிச் செல்கின்றனர். ஸ்தபதியின் சிற்ப ஞானத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் தாம் காணாத அடித்தளத்துக்கு எந்தப் பொறியியலாளர் ஒப்பமிடுவார்? கம்பி எத்தனை, கலவை எவ்வளவு என்பதெல்லாம் மண்ணுக்குள் மறைந்தபின் சான்று கேட்பது, நோயாளி வீடு திரும்பியபின் மருத்துவரை அழைப்பதற்கு ஒப்பாகும். ஸ்தபதி வரும் நாளிலேயே உள்ளூர்ப் பொறியியலாளரும் உடனிருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் வெறும் காகிதச் சடங்கு என்று அலுத்துக்கொள்வோர் தஞ்சையை நினைத்துப் பார்க்கட்டும். 1997 ஜூன் 7ஆம் நாள், பெரிய கோயிலின் கும்பாபிஷேக வேளையில் யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி, நெரிசலிலும் நெருப்பிலும் 40க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிர் நீத்தனர். ஆயிரமாண்டு கண்ட கற்றளிக்கு ஒன்றும் நேரவில்லை. கும்பிட வந்தவர்கள்தாம் மாண்டனர். எத்தனை வாயில்கள், எவ்வளவு அகலம், தீயணைப்பு வண்டி உள்ளே வர வழியுண்டா என்று அதிகாரி கேட்பது தெய்வத்தைச் சோதிப்பதற்கன்று. ஆடித் திருவிழாவில் அன்னதான மண்டபத்துக்குள் நெருக்கியடித்து அமரும் தாய்மாரும் குழந்தைகளும் பத்திரமாக வெளியேற வேண்டும் என்பதற்காகவே.

ஆகமம் அறிந்தோர்க்கு இந்த வரிசை புதிதன்று. கர்ஷணம் முதல் பிரதிஷ்டை வரை என்றே ஆகமங்கள் ஆலயப் பணியை வகுத்துள்ளன. முதலில் நிலத்தைத் தேர்ந்து, சோதித்து, உழுது, பண்படுத்திய பின்னரே மூர்த்தியின் பேச்சு. இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

உபயகாரர்களுக்கும் இதில் பங்குண்டு. கோபுரத்துக்கு உபயம், கலசத்துக்கு உபயம், கதவுக்கு உபயம் என்று கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுகிறது. நில அளவையாளரின் கட்டணத்துக்கும், வரைபடக் கட்டணத்துக்கும், நிலவரிப் பாக்கிக்கும் உபயம் எழுதிய பெயரை எந்தச் சுவரிலும் காண்பதரிது. அந்தப் பணம்தான் மற்ற உபயங்கள் அனைத்தையும் காக்கும் என்பதை நிர்வாகத்தினர் திருப்பணிக் கூட்டத்திலேயே எடுத்துரைக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நிகழும் கும்பாபிஷேகம் அதற்குத் தக்க வாய்ப்பு. பாலாலயம் செய்வதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே நிலத்தின் நிலையை ஆராய்ந்து, வரைபட அனுமதி கைக்கு வந்த பின்னரே பாலாலய நாளைக் குறித்தல் நலம். முகூர்த்தம் தவறிப்போகும் என்பர். அடுத்த ஆண்டும் முகூர்த்தங்கள் வரும்.

பழி முழுவதும் ஆலயங்களைச் சாராது. முறையாகக் கொடுத்த மனுக்கள் ஆண்டுக்கணக்கில் பதிலின்றிக் கிடப்பதும் உண்மை. புதிய வீடமைப்புப் பகுதிகளுக்கு அனுமதி வழங்கும்போதே ஆலயத்துக்கும் போதிய நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் சாலையோர ஆலயங்கள் இத்தனை பெருகியிரா. தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள் ஆதரவுக் கடிதம் தருவதும், அதனைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டி வைப்பதும் பழகிப்போன காட்சிகள். எவர் ஒப்பமிட்டதாயினும் கடிதம் பட்டாவாகாது. சிலாங்கூர் மாநிலத்தில் இஸ்லாம் அல்லாத சமய விவகாரங்களைக் கவனிக்கும் குழு இருக்கிறது; அதன்வழி மனுவின் நிலையை மாதந்தோறும் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலமே பெற்றுக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, அந்த ஏடுகளைக் காப்பது. வரவிருக்கும் ஆண்டுப் பொதுக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் போதும். பட்டா, நிலவரி ரசீது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சான்றிதழ், சங்கப் பதிவுப் பத்திரம் ஆகியவற்றின் மூலப்படிகள் தலைவரின் வீட்டு அலமாரியில் இல்லாது வங்கிப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது, ஆபரணங்களை எண்ணி ஒப்படைப்பதுபோல் அவற்றையும் எண்ணி, இரு தரப்பும் ஒப்பமிட்டுக் கைமாற்ற வேண்டும்.