தாங்குபவரையும் தாங்குவோம்

நோயாளியைச் சிகிச்சைக்கு அழைத்துவந்து, திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களிலும் விடுதிகளிலும் தங்கி, நாள்தோறும் மருத்துவமனைக்கு நடந்து வரும் குடும்பத்தார் பலர். ‘நோயாளி எப்படி இருக்கிறார்?’ என்று எல்லோரும் கேட்கிறோம். உடனிருப்பவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்பவர் அரிது. இது பிழை என்பதே எங்கள் கருத்து.

இத்தகைய பிழையை அறிவியலும் ஒருகாலத்தில் செய்தது. 1856ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, மூளையில் நரம்பு செல்களுக்கு இடையே நிறைந்திருந்த பொருளைக் குறிக்க, கிரேக்க மொழியில் பசை எனப் பொருள்படும் ‘கிளியா’ என்ற சொல்லை ஆண்டார். நெடுங்காலம் அது வெறும் பசையாகவே எண்ணப்பட்டது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. கிளியா செல்களும் ஏறக்குறைய அதே அளவில் உள்ளன. அவற்றுள் சில நரம்பு செல்லுக்கு ஊட்டம் அளிக்கின்றன. சில கழிவை அகற்றுகின்றன. வேறு சில நரம்பிழையைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறையை அமைக்கின்றன. அவ்வுறை தடித்த இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரையிலும் விரையும். உறையற்ற மெல்லிய இழையிலோ ஏறத்தாழ 1 மீட்டர்தான்.

கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன் பாரே நோயின் ஒரு வகையில், உடலின் எதிர்ப்பாற்றல் இவ்வுறையையே தாக்குகிறது. நரம்பிழை அறாதிருந்தும் கால் எழுவதில்லை. உறையை மீண்டும் கட்டுபவை துணைச் செல்களே. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. அத்தனை நாளும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், உணவூட்டுவதும், பயிற்சியின்போது கைகொடுப்பதும் குடும்பத்தாரே. அவர் சோர்ந்து வீழ்ந்தால் நோயாளியின் தேர்ச்சியும் தடைப்படும்.

ஆகவே, உடனிருப்போருக்கு எங்கள் வேண்டுகோள் இது: இரவுக் காவலை உறவினரோடு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் மருந்தையும் உணவையும் ஒத்திப்போடாதீர்கள். முடியாதபோது செவிலியரிடம் சொல்லுங்கள். அவ்வாறு சொல்வது அன்பின் குறைவன்று.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளியின் நாடியைப் பார்த்தபின், அருகில் நிற்பவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்னும் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை. அதனைக் கேட்க மறந்தால், எங்களுக்கு நினைவூட்டத் தயங்காதீர்கள்.