ஓடும் வேன் திடீரென நின்றதா? மறுபடி சாவியைத் திருகாதீர்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் திவ்ய தேசம். விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வரும் குடும்பங்களிலும் சரி, பட்டு நூலும் சேலையும் ஏற்றிப்போகும் நெசவாளர்களிலும் சரி, பழைய வேனை நம்பியிருப்பவர்கள் உண்டு. அந்த வேனின் இன்ஜின் உயிர், கண்ணில் படாத ஒரு ரப்பர் பெல்ட்டில் இருக்கலாம். அதுதான் டைமிங் பெல்ட்.

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வர, வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது இந்த பெல்ட்தான். நெசவாளர்களுக்கு இது சட்டென்று புரியும். மிதியை அழுத்திப் பாவு பிரிந்திருக்கும்போதுதான் நாடா ஓட வேண்டும். நேரம் தவறினால் இழை அறுந்துவிடும். இங்கே அறுவது இழை அல்ல. பெல்ட் அறுந்ததும் வால்வுகள் திறந்தபடியே நின்றுவிட, மேலே வரும் பிஸ்டன் அவற்றில் மோதுகிறது. வால்வுகள் வளையும், சில நேரம் பிஸ்டனும் உடையும். சில பெட்ரோல் இன்ஜின்களில் இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருப்பதால், புது பெல்ட் மாட்டினாலே போதும். டீசல் இன்ஜின்களில் அந்த அதிர்ஷ்டம் அரிது.

ஓடிக்கொண்டிருந்த வேன் சட்டென்று அணைந்து, சாவியைத் திருகும்போது ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். மறுபடி மறுபடி திருகுவதும், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் மிச்சமிருக்கும் வால்வுகளையும் வளைத்துவிடலாம். இன்ஜின் நின்றதும் பிரேக்கும், பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, வண்டியை ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டும். பிறகு டோ செய்து மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே நல்லது.

ஃபேன் பெல்ட் தேய்ந்தால் கீச்சிடும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. அதனால் கணக்கு வைத்துத்தான் மாற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் கெடு இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது. குறைவாக ஓடும் வண்டிக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல. ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகி வெடிப்பு விடும். ஆயில் கசிந்து மேலே பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும்.

மாருதி ஆம்னியிலும் இந்த பெல்ட் உண்டு. அதன் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டதால், இன்று கைமாறும் ஆம்னி எல்லாமே பழைய வண்டிதான். செகண்ட் ஹேண்டில் வேன் வாங்குபவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதோடு, 'டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? பில் இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக மாற்றிவிடுவது பாதுகாப்பு. கூடவே டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் கூலி ஒருமுறையோடு போகும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜின்களும் உண்டு; எது என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பெல்ட் மாற்றுவது ஒருநாள் வேலை. வால்வு வளைந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேனை நம்பிப் பிழைக்கும் வீட்டில் அத்தனை நாளும் வருமானம் இல்லை. பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவைத்தால், அடுத்த கெடு மறக்காது.