பூனைகளைச் சாக்கில் கட்டி மலையடிவாரத்தில் விடுவதைத் தடுக்கவும், கருத்தடைக்கும் மறுவாழ்வுக்கும் வழிசெய்யவும் கோரும் மனு

அனுப்புநர்:
கள்ளக்குறிச்சி நகரில் தெருப்பூனைகளைப் பராமரிக்கும் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கள்ளக்குறிச்சி.

நகல்: நகராட்சி ஆணையர், கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர், மாவட்ட வன அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் அரிசி ஆலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லூரி மாணவர்கள், வீட்டு வேலை முடித்துவிட்டு மாலையில் தட்டில் சோறு பிசைந்துகொண்டு தெருமுனைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் குடிநீருக்கும் மனுவோடு நிற்கும் வரிசையில் நாங்களும் நின்றவர்கள்தான். அந்தத் தேவைகளின் அவசரம் எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தைக் கேட்க வேறு வாசல் இல்லை. வாயில்லா ஜீவன் மனு எழுதாது என்பதால் நாங்கள் எழுதுகிறோம்.

கடந்த மார்கழியில் ஒரு விடியற்காலை, கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் எங்கள் உறுப்பினர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். சாலையோரப் புதரில் ஒரு உரச்சாக்கு அசைந்துகொண்டிருந்தது. வாயை நைலான் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால்கூட அவிழ்க்க முடியாதபடி முடிச்சுப் போட்டிருந்தார்கள். வண்டிச் சாவியால் சாக்கைக் கிழித்ததும் ஒரு சாம்பல் நிறத் தாய்ப்பூனை வெளியே பாய்ந்தது. ஆனால் ஓடவில்லை. பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்துக் கத்தியது. உள்ளே நான்கு குட்டிகள். இரண்டு விறைத்துப் போயிருந்தன. மற்ற இரண்டும் இன்னும் கண் திறக்காதவை. பனியில் நனைந்த சாக்கில் வாயைப் பிளந்து பால் தேடிக்கொண்டிருந்தன. குட்டிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்த பிறகுதான், அரை மணி நேரம் கழித்து, தாய் அருகே வந்தது. சாக்கின் மேல் ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்தால் நகரத்திலிருந்து வந்த சாக்கு என்று யாருக்கும் புரியும். இது ஒருநாள் சம்பவமாக இருந்தால் இந்த மனுவுக்கு அவசியம் இருந்திருக்காது.

நகரில் இது நடக்கும் விதம் எல்லோரும் அறிந்ததே. மாடிப்படிக்குக் கீழோ பழைய பரணிலோ பூனை குட்டி போடுகிறது. பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு ஏழு இடம் மாறும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அதற்குள் யாரோ ஒருவர் சாக்கை எடுத்துவிடுகிறார். முதலில் நாலு தெரு தள்ளி விடுவார்கள், பூனை திரும்பி வந்துவிடும். பிறகு சங்கராபுரம் சாலையில் விடுவார்கள், அதுவும் வந்துவிடும். ஆற்றைத் தாண்டி விட்டால் வழி தெரியாது என்றொரு நம்பிக்கை உண்டு. அதனால் கோமுகி அணைப் பக்கமும் கல்வராயன் மலைப்பாதையும் இப்போது கள்ளக்குறிச்சி நகரம் பூனைகளைக் கொட்டும் இடமாகிவிட்டன. பலர் இதைப் பாவமென்றே நினைக்கவில்லை. "காட்டுல விட்டா எலி, அணில் புடிச்சுப் பொழைச்சுக்கும்" என்று மனதாரச் சொல்கிறார்கள்.

பிழைப்பதில்லை. மீன் கடை ஓரத்தில் வளர்ந்த பூனைக்குப் புதர்க்காட்டில் தண்ணீர் எங்கே என்றுகூடத் தெரியாது. நாயிடமோ வண்டிச் சக்கரத்திலோ சில நாட்களில் முடிந்துபோகிறது. தப்பிப் பிழைப்பது மலைமக்களின் வாசலுக்குப் போய் நிற்கிறது. சாமையும் தினையும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடி வீடுகளில் எலிக்காகப் பூனை வளர்ப்பது வழக்கம்தான். ஆனால் அவர்கள் வளர்க்கும் பூனை அவர்கள் கோழியைத் தொடாமல் பழகியது. பசியோடு இறக்கிவிடப்பட்ட பூனை கோழிக்குஞ்சைத்தான் முதலில் பார்க்கும். மலையில் ஒரு அம்மாள் எங்களிடம் கேட்டார்: "உங்க ஊருக்கு வேண்டாததெல்லாம் எங்க ஊருக்கா கண்ணு?" அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

வனத்துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. வெருகு என்று பழந்தமிழ் சொல்லும் காட்டுப்பூனை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிர். தடுப்பூசி போடாத ஊர்ப்பூனை அதன் எல்லைக்குள் போனால் வெறிநோயையும் பார்வோ வகை வைரஸ் கொண்டுவரும் குடல்நோயையும் சேர்த்தே எடுத்துப்போகும்.

பூனையால் தொந்தரவே இல்லை என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. கடுவன் பூனை சுவரில் பீய்ச்சும் சிறுநீரின் நாற்றமும், நடு இரவில் இரண்டு கடுவன்கள் போடும் சண்டையும் எங்களுக்கும் தூக்கத்தைக் கெடுத்தவை. ஆனால் அந்த நாற்றமும் சண்டையும் கருத்தடை செய்தால் பெருமளவு அடங்கிவிடும். பிடித்துக் கடத்துவதால் அடங்காது. ஒரு தெருவிலிருந்து பூனைகளை முழுக்க அகற்றினால், அதே எச்சில் இலைக்கும் அதே எலிக்கும் அடுத்த தெருப் பூனை வந்து குடியேறும். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். ஏறத்தாழ 63 நாளில் ஈனும். குட்டி பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். சாக்கு இந்தக் கணக்கை ஒருபோதும் எட்டிப்பிடிக்காது. எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: களத்தில் பூனை இல்லாத ஆண்டில் எத்தனை மூட்டை அடியில் ஓட்டை விழுந்தது என்று சொல்வார்கள். ஊருக்குப் பூனை வேண்டும். அளவோடு, ஊசி போட்டு, பசியில்லாமல் வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டில் முன்னோடி இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டவரே, மாநிலங்களவையில் 1953-இல் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் அப்போது சென்னையில்தான் இருந்தது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து அதே தெருவில் விடலாம் என்று 1960-களிலேயே சென்னையின் புளூ கிராஸ் சொன்னது. 1996-இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தபோது அவற்றின் பெயரிலேயே 'நாய்கள்' என்ற சொல் இருந்தது. 2023 மார்ச்சில் வந்த புதிய விலங்குக் கருத்தடை விதிகளின் பெயரில் அந்தச் சொல் இல்லை. 'சமூக விலங்கு' என்ற சொல் வந்திருக்கிறது. எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்தச் சட்ட வரம்புக்குள் நின்றே எழுதப்பட்டவை.

எங்கள் முதல் கோரிக்கை, இந்தச் சாக்குப் பயணத்தை நிறுத்துவது. உணவும் நீரும் கிடைக்காத நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு இன்றும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அதைக் கூட்டுவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். தங்கள் கையில் இருப்பது அறிவிப்பும் கண்காணிப்பும். மலையேறும் வனச் சோதனைச்சாவடிகளில் அசையும் சாக்கையும் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அணை அருகிலும் மலைப்பாதைத் தொடக்கத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். பூனைகளைக் கொல்லக் கருவாட்டில் எலிமருந்து தடவி வைப்பவர்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. புகார் கொடுக்க வருபவரை "பூனைக்கெல்லாமா கேஸ்?" என்று திருப்பி அனுப்பாமல் மனு ரசீது தரும்படி காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம்.

இரண்டாவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: கருத்தடை. நகரில் வாரத்தில் ஒரு நாளைப் பூனைகளுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். நாய் குரைக்கும் கூடத்தில் பூனையைக் கொண்டுபோய் வைத்தால் அது மயக்க ஊசிக்கு முன்பே பயத்தில் பாதி செத்துவிடும். ஆகவே நாள் தனியாக இருக்க வேண்டும், முடிந்தால் அறையும். சின்னசேலத்தை அடுத்து, மாவட்ட எல்லையைத் தாண்டியதும், தலைவாசல் வி.கூட்டுரோட்டில் 2020 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அந்தக் கல்லூரியோடு தாங்கள் பேசினால், பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் அறுவை பழகும் முகாமாகவே இதை நடத்தலாம். அவர்களுக்குப் பயிற்சி, ஊருக்குப் பயன். பூனையைப் பிடிப்பது எங்கள் வேலை. கம்பிக் கூண்டுக்குள் வறுத்த நெத்திலிக் கருவாட்டை வைத்துவிட்டு, மேலே பழைய சேலையைப் போர்த்தினால் எந்தச் சண்டிப் பூனையும் விடிவதற்குள் உள்ளே இருக்கும். எங்களிடம் கூண்டுகள் போதவில்லை. நகராட்சி சில கூண்டுகள் வாங்கித் தந்தால் போதும். அறுவைக்குப் பின் ஒரு காதின் நுனியைச் சிறிதளவு நறுக்கி அடையாளம் வைத்து, பெண் பூனைகளைச் சில நாட்கள் பார்த்துக்கொண்டு, பிடித்த தெருவிலேயே விடுவோம்.

ஊசியும் இதோடு சேர்ந்தது. ஆண்டுதோறும் ஜூலை 6-ஆம் தேதி, 1885-இல் பாஸ்டர் முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாளை ஒட்டி, வளர்ப்புப் பிராணிகளுக்கு இலவச முகாம்கள் நடக்கின்றன. அங்கே பூனையைக் கூடையில் எடுத்துப்போன எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு ஓர் ஆண்டு "நாய்க்கு மட்டும்தான்" என்ற பதில் கிடைத்தது. பூனைக் கடியாலும் வெறிநோய் வரும். பூனை கீறினாலும் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முகாம் அறிவிப்பில் 'பூனை' என்ற சொல்லையும் அச்சிட்டால் போதும். கூடவே இன்னொன்றும் அச்சிட வேண்டும்: காய்ச்சல் என்று நினைத்துக் கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுத்தாலும் பூனை செத்துவிடக்கூடும். பாசத்தோடு கொடுத்த மாத்திரையால் தன் பூனை நீலம்பாரித்து மூச்சு வாங்கிச் செத்ததைப் பார்த்த சிறுமி எங்கள் தெருவில் இருக்கிறாள்.

மறுவாழ்வு பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாப் பூனைக்கும் வீடு தேட முடியாது. தெருவிலேயே வளர்ந்த பெரிய பூனையை வீட்டுக்குள் அடைத்தால் அதற்கு அது சிறை. ஆனால் குட்டிகள் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழெட்டு வாரத்துக்குள் மனிதக் கையைப் பழகிவிட்டால் ஆயுளுக்கும் மடியை விட்டு இறங்காது. அந்தச் சில வாரங்களைத்தான் நாம் வீணடிக்கிறோம். குட்டிகளைத் தாயோடு வைத்துக்கொள்ள, நகராட்சிக்குச் சொந்தமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு சிறு கட்டடத்தில் இரண்டு அறைகள் கேட்கிறோம். 2001-இல் வந்த இன்னொரு விதித்தொகுப்பின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கமும், அதற்கென மருத்துவமனையும் காப்பிடமும் இருக்க வேண்டும். 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அந்தச் சங்கத்தை முழு அளவில் இயங்கச் செய்து, இந்த அறைகளை அதன் பொறுப்பில் விட்டால் கணக்கும் வழக்கும் ஒழுங்காக இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு, உழவர் சந்தைக்கு மக்கள் வரும் நேரத்தில், குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் நாள் நடத்த அனுமதி வேண்டும். தத்தெடுப்பவர் ஆதார் நகலோடு, உரிய வயதில் கருத்தடை செய்வேன், வேண்டாமென்றால் திருப்பித் தருவேன், எங்கும் விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கறுப்புக் குட்டிகளைத்தான் யாரும் எடுப்பதில்லை, குறுக்கே போனால் ஆகாதாம். எங்கள் தலைவர் வீட்டில் இருப்பவை எல்லாம் கறுப்பே.

தத்தெடுக்க மனமிருந்தும் வாடகை வீட்டுக்காரருக்கு அஞ்சிப் பின்வாங்குபவர்கள் நிறையப் பேர். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகளில் பூனை வளர்க்கப் பல ஆண்டுகள் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமமும் மைக்ரோசிப்பும் வைத்து வீட்டுக்கு இரண்டு பூனைகள் வளர்க்கலாம் என்று விதியை மாற்றினார்கள். இங்கே அப்படியொரு சட்டம் கேட்கவில்லை. வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும் அரசு ஊழியர் குடியிருப்புகளிலும் கருத்தடை செய்த, ஊசி போட்ட பூனைக்கு ஆட்சேபம் இல்லை என்று ஓர் அறிவுறுத்தல் வந்தால் தனியார் வீட்டுக்காரர்களும் மெல்ல இளகுவார்கள்.

சோறு வைக்கும் இடம் பற்றிய தகராறு எங்களுக்கு அன்றாடம். 2023 விதிகளின் 20-ஆவது விதி, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் வாசலுக்கும் தள்ளி ஓர் இடத்தையும் நேரத்தையும் குறிக்கச் சொல்கிறது. அதற்கு ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் அல்லது உள்ளாட்சிப் பிரதிநிதியின் கடமை என்கிறது. வார்டுதோறும் அப்படி இடம் குறித்துத் தாருங்கள். தட்டைக் கழுவி எடுத்து, சிந்தியதைக் கூட்டிவிட்டுப் போவது எங்கள் பொறுப்பு. இப்போதும் அதைத்தான் செய்கிறோம். சோறு வைக்கும் பெண்களை வசைபாடுவது மட்டும் நிற்க வேண்டும்.

மேற்கண்டவற்றுள் உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு: சோதனைச்சாவடிக்கு உத்தரவு, கருத்தடைக்கு ஒரு நாள். பூனைகள் அதிகம் ஈனும் பருவம் வரும் முன் முதல் முகாமை வைத்தால் ஒரு தலைமுறைக் குட்டிகளே சாக்குக்குத் தப்பும். தேதியைத் தாங்கள் குறித்தால், முதல் நாளன்று காந்தி சாலை மற்றும் மார்க்கெட் பகுதிப் பூனைகளைக் கூண்டோடு கொண்டுவந்து சேர்க்க உறுப்பினர்கள் இரவு முழுவதும் விழித்திருக்கத் தயாராக உள்ளோம். மார்கழியில் மலைப்பாதையில் கிடைத்த அந்தச் சாம்பல் நிறத் தாயும் எங்களிடம்தான் இருக்கிறது. அதன் இரண்டு குட்டிகளுக்கும் வீடு கிடைத்துவிட்டது. தாய்க்கு இன்னும் கருத்தடை ஆகவில்லை. முகாமின் முதல் கூண்டில் அதைக் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: கள்ளக்குறிச்சி