கோப்பையை மட்டுமே காணும் கண்கள்



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயணக் கட்டுரை எழுதக் கற்பித்தேன். எடுத்துக்காட்டாகப் பிரான்சு நாட்டின் ஷாம்பேன் வட்டாரத்தையும், அங்குள்ள ரேன்ஸ் நகரையும் பற்றிக் கூறினேன். மறுநாள் காலையில் ஒரு தந்தையார் பள்ளி வாயிலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஐயா, அது மது செய்யும் ஊராயிற்றே! கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். தமிழாசிரியரான நீங்களே அந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாமா?"

அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். மது நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை நானும் கண்டவன்தான். ஆயினும், அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

அன்று மாலையே எங்கள் புலனக் குழுவில் பழைய நண்பர் ஒருவர் நாற்பது படங்களை அனுப்பியிருந்தார். அவர் அதே வட்டாரத்திற்குச் சுற்றுலா சென்று திரும்பியவர். எப்பெர்னே நகரின் மாளிகை வாசலில் கோப்பையோடு ஒரு படம். திராட்சைத் தோட்டத்தில் கோப்பையோடு ஒரு படம். நிலவறையில் புட்டியோடு ஒரு படம். நாற்பதிலும் ஒரு மனித முகம்கூட இல்லை, அவருடைய முகத்தைத் தவிர!

ஒருவர் கோப்பைக்காக அந்த ஊருக்குப் போகிறார். மற்றொருவர் கோப்பைக்காகவே அந்த ஊரின் பெயரையும் சொல்லாதே என்கிறார். இருவர் கண்ணுக்கும் தெரிவது கோப்பை ஒன்றுதான். இந்தக் குருட்டுத்தனத்தைத்தான் நான் கண்டிக்கிறேன்.

நான் மாணவர்களுக்குச் சொன்னது என்ன? ரேன்ஸ் நகருக்கு அடியில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பழங்காலக் குழிகள் உள்ளன. மதுவைப் பதப்படுத்தும் நிலவறைகளாக இன்று அவை பயன்படுகின்றன. 1914-ஆம் ஆண்டில் முதலாம் உலகப்போர் மூண்டபோது செருமானியப் படை நகருக்கு வெளியே நின்று குண்டு பொழிந்தது. பிரெஞ்சு மன்னர்கள் பலர் முடிசூடிய பேராலயம் அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் தீப்பற்றி எரிந்தது. மக்கள் நிலவறைகளுக்குள் குடியேறினர். அங்கேயே உண்டனர், உறங்கினர்.

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நிலவறைகளிலேயே பள்ளிக்கூடம் திறந்தார்கள்! படைத்தலைவர்களின் பெயர்களைச் சூட்டி, "மொனூரி பள்ளி", "ஜோஃபர் பள்ளி" என்று அவற்றை அழைத்தார்கள். வெண்கட்டியை ஒத்த வெண்மையான சுவர்களுக்கிடையே, மேலே குண்டுகள் வீழ்ந்துகொண்டிருக்க, பிள்ளைகள் பாடம் படித்தார்கள். 1917-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் பொதுமக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்படும்வரை அந்நகர் இவ்வாறுதான் வாழ்ந்தது.

மழை பெய்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் நாம் கேட்க வேண்டிய செய்தியா இல்லையா இது? இதைச் சொன்னால் மாணவன் குடிகாரனாகிவிடுவானா?

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் நானும் அங்குச் சென்றேன். எங்களை நிலவறைக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டி ஒரு மணி நேரம் புட்டியின் விலையையும் நுரையின் அழகையும் பேசினார். பெரிஞோன் என்ற துறவிதான் நுரைக்கும் மதுவைக் கண்டுபிடித்தார் என்று கதையும் சொன்னார். அத்துறவி 1715-இல் மறைந்தவர். மதுவில் நுரை எழாமல் தடுக்கத்தான் அவர் காலத்தில் பாடுபட்டார்கள். அவர் மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்றது 1668-இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1662-இல், சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்யும் முறையை இலண்டனில் கிறிஸ்டோபர் மெரட் என்ற அறிஞர் எழுதி வைத்துவிட்டார். அந்தப் பொய்க் கதைக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. நிலவறைப் பள்ளிக்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தது. வந்தவர்களும் அதற்குமேல் கேட்கவில்லை. சுவைபார்க்கும் கூடத்திற்கு விரைந்தார்கள்.

கேட்டிருந்தால் இன்னும் எத்தனையோ தெரிந்திருக்கும். 1910-இல் அங்கு விளைச்சல் பொய்த்தது. வணிகர் சிலர் வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி, ஷாம்பேன் என்று பெயரிட்டு விற்றனர். வயிறெரிந்த உழவர்கள் 1911-இல் கிளர்ந்தெழுந்தனர். ஆயி என்ற ஊரில் வணிகர் கட்டடங்கள் தீக்கிரையாயின. அரசு படையை அனுப்பியது. இன்று அப்பெயரைச் சட்டம் காக்கிறதென்றால், அதன் பின்னால் அந்த உழவர்களின் கண்ணீரும் சினமும் இருக்கின்றன.

அதெல்லாம் பழங்கதை என்பீர்களா? அங்குத் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுதோறும் ஏறத்தாழ 120,000 பேர் அறுவடைக்கு வருகின்றனர். வெயில் வாட்டிய 2023-ஆம் ஆண்டு அறுவடையின்போது தொழிலாளர் சிலர் மாண்டனர். அதே அறுவடையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மனிதர் வாழத் தகாத இடத்தில் அடைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2025 சூலை மாதத்தில் அங்குள்ள நீதிமன்றம் மூவரை மனிதக் கடத்தல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த அதே திராட்சைச் சரிவுகளின் வட்டாரத்தில்தான் இது நடந்தது!

இவற்றைக் காணாமல் கோப்பையோடு படம் எடுப்பவரை நான் ஏன் கடிந்துகொள்கிறேன் என்றால், நாம் யார் என்பதை நான் மறக்கவில்லை. நம் பாட்டன் பாட்டியர் பால்மரம் வெட்டியவர்கள்; லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். பழைய துரை பங்களாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரம் வெட்டியவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கேளாமல் திரும்புகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்? அதே சொல் நமக்கும் பொருந்தாதா?

மதுவை அஞ்சும் பெற்றோருக்கும் ஒன்று கூறுவேன். அந்த மது நாட்டிலேயே, 14 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி உணவகத்தில் மது வழங்கக் கூடாது என்று 1956-இல்தான் தடை வந்தது. அதுவரை சிறுவர்களின் சாப்பாட்டு மேசைக்கும் மது வந்துகொண்டிருந்தது! 1991-இல் மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் இயற்றப்பட்டது. மதுவின் தீமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த பாடம் உண்டா? ஊரின் பெயரை மறைத்தால் இந்தப் பாடமும் மறைந்துபோகும்.

ஆசிரிய நண்பர்களே, குற்றம் நம்மிடமும் இருக்கிறது. "காலை ஏழு மணிக்குப் பேருந்து புறப்பட்டது, நண்பகலில் உணவு உண்டோம், மாலையில் களைப்புடன் வீடு திரும்பினோம்" என்று எழுதும் மாணவனுக்கு நாம் முழுப் புள்ளி தருகிறோம். அவன் வளர்ந்து, பணம் சேர்த்து, பிரான்சுக்கே போனாலும் அதே கட்டுரையைத்தான் எழுதுவான். உணவின் இடத்தில் கோப்பை இருக்கும், அவ்வளவுதான்.

எனவே, எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் மூன்று வினாக்களுக்கு விடை தேடுமாறு என் மாணவர்களைப் பணித்திருக்கிறேன். இங்கே உழைத்தவர் யார்? துன்புற்றவர் யார்? இங்கிருந்த பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

என்னைப் பள்ளி வாயிலில் நிறுத்திய தந்தையாரின் மகன் நேற்றுத் தன் கட்டுரையை ஒப்படைத்தான். அதில் மதுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "அந்த ஆசிரியர்களுக்குப் பயமாக இருந்திருக்காதா?" என்று முடித்திருந்தான்.

அந்தக் கட்டுரையைத் தந்தையாரிடம் காட்டுமாறு சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள்.

சிந்திப்போம்!