பாத்திரம் அறிந்தவர் யார்?

ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்களில் ஒருவராவது அந்தப் பழமொழியை எடுத்துவிடுகிறார்: 'பாத்திரமறிந்து பிச்சையிடு.' இருபது ஆண்டுகள் கோடிகோடியாகக் கொட்டியும் 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமாயிற்று. ஆகவே அம்மக்கள் உதவிக்குத் தகுதியற்றவர்கள் என்பது அதன் உட்கிடை. இத்தனை சோம்பேறித்தனமான வாதம் வேறொன்று இருக்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மறுசீரமைப்பு என்ற பெயரில் அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் படைக்கும் காவலுக்கும் போனது. எஞ்சியது எப்படிச் செலவானது என்பதை அமெரிக்க அரசே நியமித்த சிறப்புத் தலைமை ஆய்வாளரின் அறிக்கைகள் சொல்கின்றன. காபூலுக்கு அருகே தரக்கீலில் 33.5 கோடி டாலரில் ஒரு மின்நிலையம் எழுந்தது. அது டீசலில் ஓடுவது. அண்டை நாட்டிலிருந்து வாங்கும் மின்சாரமோ அதைவிட மலிவு. ஆகவே பெரும்பாலும் சும்மா கிடந்தது. ஹெல்மண்டில் 3.6 கோடி டாலரில் ஒரு தலைமையகக் கட்டடம். களத்திலிருந்த தளபதிகளே 2010இல் வேண்டாமென்று எழுதியும் கட்டினார்கள், யாரும் குடிபுகவில்லை. இவற்றை எந்த ஆப்கன் கிராமம் கேட்டது? பாத்திரத்தில் விழாத பிச்சைக்குப் பாத்திரத்தைப் பழிப்பது என்ன நியாயம்?

கிராமத்தைக் கேட்டுச் செய்த வேலையும் அந்நாட்டில் நடந்தது. 2003இல் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தில் ஊர் மக்கள் இரகசிய வாக்கெடுப்பில் ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். குடும்பத்துக்கு 200 டாலர் வீதம், ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர். செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரே பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். கிணறா, வாய்க்காலா, பாலமா, சிறு நீர்மின் நிலையமா என்பதை ஊர் முடிவு செய்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை இது எட்டியது. குறைகளற்ற திட்டமென்று நான் சொல்லவில்லை. 500 ஊர்களில் நடந்த ஆய்வு, குடிநீரும் மின்சாரமும் மேம்பட்டதையும் பெண்களின் பங்கேற்பு கூடியதையும் காட்டியது. ஊரின் அதிகார அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே காட்டியது. ஆனால் ஆளில்லாத தலைமையகத்தோடு ஒப்பிட்டால் எது மீள்கட்டுமானம் என்பதில் ஐயமிருக்க முடியுமா?

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், ஒன்றைக் கேட்கும்போது இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் சொல்வான் என வகுத்தார். உதவித் துறை முழுவதும் எதிரே நிற்பவனை 'ஈ' என்று சொல்லவைத்தே பழகிவிட்டது. அந்த ஊர் மன்றங்கள் 'தா' என்று கேட்டன. பழமொழியை ஏந்தும் நம் நண்பர்களும் முதல் வகுப்பிலேயே நின்றுவிட்டார்கள். பிச்சை என்ற சொல்லே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

'அப்படியானால் அவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிடுவோம்' என்று இன்னொரு குரல் எழுகிறது. மரியாதைபோலத் தோன்றினாலும் இதுவும் கைகழுவலே. 2022 டிசம்பரில் தாலிபான் அரசு தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணிபுரியத் தடை விதித்தது; 2023 ஏப்ரலில் ஐ.நா. அலுவலகங்களுக்கும் அதை நீட்டித்தது. 2025இல் அமெரிக்க உதவி முகமையே மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று குனார் மலைக் கிராமங்கள் நிலநடுக்கத்தில் சரிந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அங்கே காயம்பட்ட பெண்களை அணுகப் பெண் மருத்துவர்களும் பெண் பணியாளர்களும் போதவில்லை. இப்படித் தடை போட்டவர்களை அந்தப் பெண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகவே உதவி தொடரவேண்டும். ஊர் முடிவெடுக்கும் வழியில், பெண்களின் கைவழியாகத் தொடரவேண்டும். தடையைச் சாக்காக்கி ஒதுங்குவதும், தடைக்குப் பணிந்து பெண்களை விட்டுவிடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். கொடுத்தவன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்த ஊர் எதைக் கேட்டது, அது கிடைத்ததா என்று கேட்கத் தொடங்குவோம். அதுவரை அந்தப் பழமொழிக்குச் சற்று ஓய்வு கொடுக்கலாம்.