பேரேடு யார் கையில்?

கிரிப்டோ என்பது ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களின் விவகாரம் என்று இனியும் நாம் ஒதுங்கியிருக்க முடியாது. தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தைக்கும் பெண்களின் பிள்ளைகள், பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து உணவு டெலிவரிக்குக் கிளம்பும் தம்பிகள், முடிச்சூர் பக்கம் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் எனப் பலருடைய கைப்பேசியில் ஏதோ ஒரு 'காயின்' செயலி வந்துவிட்டது. "இனிமே இதுதான் பணமாமே, நிஜமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். கேலி செய்யாமலும் பயமுறுத்தாமலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் சேமிப்பை அந்தக் காயின்களில் போடக் கூடாது. ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு யோசனை இருக்கிறது. யாரும் ரகசியமாகத் திருத்த முடியாத, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பேரேடு என்பதே அந்த யோசனை. அதை நாம் உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பேரேடு என்றால் என்ன என்பதை நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ணம் எழுதியதுதான் நிலம், கணக்குப்பிள்ளை எழுதியதுதான் கூலி, வட்டிக்காரர் எழுதியதுதான் கடன் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டதே 1980ஆம் ஆண்டில்தான். நோட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமையும் படிக்கும் எழுத்தும் ஒரே தரப்பிடம் இருந்த காலம் அவ்வளவு பழையதல்ல.

இந்த இடத்தில்தான் கிரிப்டோ நம் இளைஞர்களை ஈர்க்கிறது. ஒரு சீட்டு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகச் சீட்டுப் பிடிப்பவரிடம் மட்டும்தான் நோட்டு இருக்கும். அதற்குப் பதிலாகச் சீட்டில் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் அதே நோட்டின் நகல் இருந்து, ஒருவர் பணம் கட்டியவுடன் எல்லா நகல்களிலும் அது ஒரே நேரத்தில் பதிவானால் எப்படி இருக்கும்? சீட்டுப் பிடிப்பவர் தன் நோட்டில் ஒரு வரியை அழித்தால், மற்றவர்களின் நோட்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை சொன்னதன் சாரம் இதுதான். நடுவில் வங்கி வேண்டாம், அரசு வேண்டாம், எவரையும் நம்ப வேண்டாம்; கணக்கை மட்டும் நம்பினால் போதும். ஜாமீன்தாரர் கேட்டு வங்கி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும், 2016 நவம்பர் 8 இரவு தன் கையிலிருந்த 500 ரூபாய் செல்லாது என்று தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கும் இந்த வார்த்தை இனிக்கத்தான் செய்யும்.

பிட்காயின் ஆர்வலர்கள் அண்ணல் அம்பேத்கரையும் துணைக்கு அழைப்பதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1923இல் வெளிவந்த 'ரூபாயின் பிரச்சினை' நூலில், நாணயத்தை இஷ்டம்போல் வெளியிடும் அதிகாரம் ஆள்பவர்களின் கையில் இருக்கக் கூடாது என்று அவர் வாதாடினார். பொதுமக்களுக்கு மூடப்பட்டதுபோல அரசுக்கும் நாணயச்சாலை மூடப்பட வேண்டும் என்றார். மொத்தமே 2.1 கோடி காயின்கள்தான் என்று வரம்பு கட்டிய பிட்காயின் இதற்குப் பக்கத்தில் வருவதுபோலத் தெரியும். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார்? ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக. விலை ஏறும்போது கூலி அதே வேகத்தில் ஏறாது, அடி விழுவது உழைப்பவர் மீது என்பதற்காக.

அந்த அளவுகோலைப் பிட்காயின் மீது வைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். அடுத்த ஆண்டு அதே நவம்பரில் சுமார் 16,000 டாலர். அரிசி, வாடகை, பஸ் பாஸ் என்று மாதத்தை நகர்த்தும் ஒரு குடும்பம் தன் சம்பளத்தை இதில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்பேத்கரை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவருடைய கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அன்றாட வாழ்வில் கிரிப்டோவைக் கொண்டுவர ஒரு நாடே முயன்று பார்த்தது. எல் சால்வடோர் 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்கியது. அரசின் செயலியை இறக்கிக்கொண்டவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயினும் கொடுத்தது. பலர் அந்த 30 டாலரைச் செலவழித்துவிட்டு மீண்டும் டாலர் நோட்டுக்கே திரும்பினார்கள். சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கும் ஒப்பந்தத்தின் பகுதியாக, கடைக்காரர்கள் பிட்காயினைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது.

இங்கே நிலைமை வேறு. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவையைத் தடுத்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. காயினைக் கொடுத்து டீ குடித்தால் அதுவும் கணக்குக் காட்ட வேண்டிய ஒரு கைமாற்றம்தான். அதே டீக்கடையில் 2016இல் வந்த யு.பி.ஐ. ஒட்டுப்படம் இருக்கிறது, 2025 ஆகஸ்டில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட முறை அதன் வழியாகப் பணம் கைமாறியது. பிட்காயின் வலைப்பின்னல் ஒரு விநாடிக்குச் சுமார் ஏழு பரிமாற்றங்களைத்தான் தாங்கும். ஆகவே தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்க கிரிப்டோ வரப்போகிறது என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று பொருள்.

விற்க வருகிறவர்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதந்தோறும் பெரும் வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு தொடுத்த வழக்கு. நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர்! இன்று அதே ஆசை வார்த்தை டெலிகிராம் குழுவில் வருகிறது. தங்கம் இருந்த இடத்தில் காயின் இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். தண்டல் கட்டிக்கொண்டும் குழுக்கடன் அடைத்துக்கொண்டும் மூச்சு வாங்கும் ஒருவரிடம், "மூணு மாசத்துல டபுள்" என்பது பேராசையைத் தூண்டுவதல்ல. தப்பிக்கும் வழியைக் காட்டுவதாகவே படும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறக்கவில்லை. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுகிறவர்கள், நியாய வட்டிக்கு அவர்களுக்குக் கடன் தர யார் இருந்தார்கள் என்று சொல்லட்டும்.

மோசடி நிறுவனங்களை விடுங்கள். சட்டப்படி இயங்கும் சந்தையிலேயே என்ன நடந்தது? 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. திருடு போகாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அப்படி 1,98,516 ரூபாய்க்குக் காயின் வாங்கியிருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ என்பது சொத்துதான், அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்க முடியும் என்று 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அவருடைய தொகைக்குப் பாதுகாப்பு வழங்கினார்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. எவரையும் நம்பத் தேவையில்லை என்று பிறந்த பணம், கடைசியில் பாரிமுனைக்கு வந்து நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தப் படியை ஏற வக்கீல் வேண்டும், ஆவணம் வேண்டும், வேலைக்கு லீவு போட முடிய வேண்டும். கண்ணகி நகரில் ஐயாயிரம் ரூபாயை இழந்த ஒருவருக்கு அது எட்டுமா?

பேரேடு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. இங்கே ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதன் நிபந்தனை என்ன? முதல் பத்தாண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. இன்று 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' என்று கிரிப்டோ உலகம் பெருமையாகச் சொல்கிறதே, அதே மாதிரி ஒரு நிபந்தனை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் பேரேட்டில் எழுதப்பட்டிருந்தது.

அந்த நிலமெல்லாம் இன்று யார் கையில் இருக்கிறது? 1980களில் நில ஆவணங்கள் புதுப்பிக்கப்பட்டபோது நிபந்தனைக் குறிப்புகளே பல பதிவுகளில் காணாமல் போயின என்பது நிலமீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். எழுத்து நம் பக்கம் இருந்தது. தாலுகா அலுவலகமும் துப்பாக்கியும் நம் பக்கம் இல்லை.

அதனால்தான் 'கணக்கை நம்பினால் போதும்' என்ற வாக்குறுதியை நாங்கள் முழுதாக ஏற்பதில்லை. முதல் வரியைப் பொய்யாக எழுதிவிட்டால், திருத்த முடியாத பேரேடு அந்தப் பொய்யை என்றைக்குமாகக் காப்பாற்றும். ஆதிக்க சாதிக்காரர் பெயரில் இன்று இருக்கும் பஞ்சமி நிலப் பட்டாவை அப்படியே பிளாக்செயினில் ஏற்றினால், அபகரிப்புக்கு அழியாத முத்திரை குத்தியதாகும். முதலில் மீட்பு, அப்புறம்தான் பூட்டு.

அப்படியானால் எதிர்காலத்தில் நம்பிக்கை வைக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, வெளிநாட்டிலிருந்து வரும் பணம். வளைகுடாவில் கட்டட வேலை செய்து வீட்டுக்கு அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை இடைத்தரகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 200 டாலர் அனுப்ப உலக சராசரிச் செலவு ஆறு சதவீதத்தை ஒட்டியிருப்பதாக உலக வங்கி சொல்கிறது. 2030க்குள் அதை மூன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. எந்தத் தொழில்நுட்பம் அந்தச் செலவை உண்மையாகக் குறைத்தாலும், அது அரசின் கண்காணிப்பில் இயங்கினால், நாம் வரவேற்போம்.

இரண்டு, ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 முதல் மக்களிடம் சோதித்துவரும் இ-ரூபாய். விலை ஆட்டம் இல்லாதது, ரூபாயேதான். வங்கிக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பு, அபராதம் என்ற தொல்லைகள் இல்லாமல், இணையம் இல்லாத இடத்திலும் இயங்குமானால், அது உழைக்கும் பெண்ணின் முந்தானை முடிச்சு போல அவளுடைய சொந்தப் பணமாக இருக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கே, எதற்குச் செலவழிக்கலாம் என்று பணத்துக்குள்ளேயே கட்டளை எழுதிவைக்கவும் இதில் முடியும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி கட்டிவைத்தார்கள். 1921இல்தான் அது ஒழிந்தது. உதவித்தொகையோ கூலியோ, கட்டளை போட்ட பணமாக வந்தால் அது புதிய துண்டுதான்.

மூன்று, எங்களுக்கு மிக முக்கியமானது, கூலிப் பேரேடு. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி உட்பட எல்லா உள்ளாட்சிகளிலும் தூய்மைப் பணி ஒப்பந்தங்களில் ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, பிடித்த பி.எஃப். கட்டப்பட்டதா, இதையெல்லாம் எவரும் எந்த நாளும் பார்க்கும்படியும், பின்தேதியிட்டு எவரும் திருத்த முடியாதபடியும் வைப்பதற்கு இந்தத் தொழில்நுட்பம் உதவும். ஊழலைக் காட்டிக்கொடுக்கும் சீட்டு நோட்டு அது. மீட்கப்படும் ஒவ்வொரு சென்ட் பஞ்சமி நிலத்துக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும்.

இதைச் செய்யப் பிட்காயின் வாங்க வேண்டியதில்லை. அரசுக்கு மனம் இருந்தால் சாதாரண இணையதளத்திலேயே பாதியைச் செய்துவிடலாம். மனம் தானாக வராது. நாம் கேட்டால்தான் வரும்.

ஆகவே செயலியை வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். இந்தத் தொழில்நுட்பத்தைப் படியுங்கள், முழுதாகப் படியுங்கள். பணத்தைப் பற்றி எழுதும் தகுதி தமக்கு மட்டும்தான் என்று நினைத்தவர்களின் காலத்தில், லண்டனில் உட்கார்ந்து ரூபாயைப் பற்றி ஆய்வு செய்தவர் நம்மில் ஒருவர். அவருடைய பிள்ளைகள் காயின் விலை ஏறுமா இறங்குமா என்று திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட, பேரேட்டை எழுதும் இடத்தில் போய் உட்கார வேண்டும். அம்மா தூய்மைப் பணியில் இருந்தால் இந்த மாதமே அவருடைய சம்பளச் சீட்டையும் பி.எஃப். கணக்கையும் திறந்து பாருங்கள். கணக்கு இடித்தால் எழுதிக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

ஜெய் பீம்!